ஒரு வீட்டுக்கு ஒன்று

ஜனவரி 4, சனி

விடியமுன் தொடங்கிய பனி மத்தியானம் வரை விடவில்லை. என் கணவர் யோகன் முன் நடையில் பனியை இரண்டு தரம் வழித்துவிட்டு, முதுகு நோவென்று படுத்துவிட்டார்.

இன்று எப்படியும் முடிக்க வேண்டியது றிபேற் படிவம். கொம்பியூட்டர் வாங்கி ஏழு நாள். கடையில் முழு விலையும் கொடுத்தாயிற்று. இனி நாங்கள் தபாலில் கடதாசிகளை அனுப்ப, அவர்கள் 150 டொலருக்குக் காசோலை அனுப்புவார்களாம். எட்டுக் கிழமை முதல் பத்துக் கிழமை.

வேண்டியவை:
– படிவம். பெரிய எழுத்தில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. என் பெயருக்குக் கட்டம் போதவில்லை. கடைசி நாலு எழுத்தை விட்டேன்.
– பில். ஓரிடத்தில் பிரதி என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் மூலம் என்று இருக்கிறது. இரண்டையும் அனுப்புவது.
– பெட்டியில் இருக்கும் பார்கோட். வெட்டி அனுப்ப வேண்டும்.
– வாங்கிப் பதினாலு நாளுக்குள் தபால் முத்திரை. அதாவது வரும் சனிக்குள்.

பாண் வெட்டும் கத்தியால் வெட்டினேன். மட்டை நல்ல தடிப்பு. கத்தி வழுகி ஒரு கோட்டின் நுனி போய்விட்டது. இலக்கங்கள் தப்பின. நெஞ்சு இன்னும் அடிக்கிறது. ஒரு மட்டைத் துண்டுக்கு!

யோகன் எழும்பி வந்து பெட்டியில் இருந்த ஓட்டையைப் பார்த்தார்.

"பெட்டியை வெட்டினால் பிறகு சாமானைத் திருப்பிக் குடுக்கேலாதெல்லோ?"

"வெட்டாட்டி காசு வராது."

"வெட்டினால் வருமெண்டு ஆர் சொன்னது?"

"படிவத்திலை கிடக்கு."

"நீர் கடதாசியை நம்புற ஆள்."

உண்மைதான். ஊரில் சங்கக்கடைக் கணக்குப் பகுதியில் நாலு வருடம் இருந்தவள். படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பினால் கிடைக்க வேண்டியது கிடைக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் அகதி வழக்குப் படிவத்தை நிரப்பியது நான். வழக்கு வென்றது. இங்கே நிரந்தரமாக இருக்கவிடும் லேண்டட் பேப்பருக்கு நிரப்பியதும் நான். அது இன்னும் வரவில்லை.

150 வந்தால் கணக்கியல் வகுப்பின் இரண்டாம் பகுதிக்குக் கட்டுவது. ஏப்ரல் கடைசிக்குள். பிளாஸ்டிக் கோப்பை அடுக்கும் வேலையை விட்டுப் போக எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பின்னேரம் மேலிருந்து தவமணி அக்கா தன் படிவத்தோடு இறங்கி வந்தார். அவர்களும் அதே கடையில் அதே கொம்பியூட்டர் வாங்கினார்கள், வெளியூரில் படிக்கும் மகனுக்கு. விளம்பரத் தாளைக் காட்டிக் கொடுத்ததே நான்தான்.

"சாந்தி, உதையும் ஒருக்கா நிரப்பித் தாரும். உங்கட அண்ணைக்கு உந்தச் சின்னக் கட்டங்களைக் கண்டாலே கோவம் வரும்."

அண்ணை என்றால் அவர் கணவர் சிவம் அண்ணை. இது அவர்களுடைய வீடு. நாங்கள் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு. மூன்றரை வருடத்துக்கு முன் இரண்டு பையோடு வந்து நின்றபோது முற்பணம் கேட்காமல் கதவுத் திறப்பைத் தந்தவர்கள். அவர்களுடையதை முதலில் நிரப்பிக் கொடுத்தேன், பிறகு என்னுடையது.

ஜனவரி 6, திங்கள்

கடும் குளிர். வேலை முடிந்து நூலகம். பிரதி எடுக்கும் மெஷின் காசை விழுங்கிவிட்டு வெள்ளைத் தாளைத் தந்தது. மிச்சச் சில்லறை அக்காவின் பில்லுக்கே சரி. அவர்கள் கடிதத்தை இன்றே தபாலில் போட்டேன். என்னுடையது புதன்.

வாங்க: பால், லீக்ஸ், பஸ் ரிக்கற்.

ஜனவரி 8, புதன்

போட்டாயிற்று. மருந்துக் கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டரில். முத்திரையைத் தெளிவாகக் குத்தச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இரண்டு தரம் குத்தினாள்.

மார்ச் 7, வெள்ளி

எட்டுக் கிழமை தாண்டிவிட்டது. வாசலில் ஒரே ஒரு தபால் பெட்டி. அக்கா எடுத்துப் பிரித்து எங்களுடையதைக் கீழே இறங்கும் உள்படியில் வைப்பார். இன்று ரெலிபோன் பில், பீட்சா விளம்பரம், வேறொன்றுமில்லை.

யோகன் வேலையால் வந்தார். படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குளிக்கப் போனார்.

மார்ச் 12, புதன்

பனியும் மழையும் கலந்து ஊற்றுகிறது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

வேலையால் வந்து கோட்டைக் கழற்றமுன் அக்கா கீழே. ஒரு கையில் றோல்ஸ் தட்டு, மற்றக் கையில் காசோலை.

"வந்திட்டுது சாந்தி! உம்மட கையெழுத்து ராசியான கையெழுத்து."

காசோலையை வாங்கிப் பார்த்தேன். மெல்லிய பச்சைக் கடதாசி. சிவம் அண்ணையின் பெயர் முழுதாக இருந்தது.

"உங்களுக்கும் நாளைக்கு நாளையிண்டைக்கு வந்திடும்."

"ஓம் அக்கா. நான் ரெண்டு நாள் பிந்தித்தானே போட்டனான்."

றோல்ஸ் நல்ல உறைப்பு. மூன்று சாப்பிட்டேன்.

மார்ச் 15, சனி

வரவில்லை.

ஒரு வேலை செய்தேன், எழுத வெட்கம். அவர்கள் வெளியே போன நேரம் பார்த்து, மேல் வீட்டு நீலக் குப்பைப் பெட்டியில் பழைய கடதாசிகளைக் கிளறினேன். விளம்பரங்களோடு எங்கள் கடிதமும் தவறிப் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நினைத்தது அது இல்லை. அக்கா எங்கள் காசோலையை ஒளித்திருப்பார் என்று நினைத்தேன்.

ஒன்றும் இல்லை. கையில் மீன் ரின் நாற்றம்.

மார்ச் 20, வியாழன்

அஞ்சலட்டை ஒன்று. 'உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. காரணம் 7.' மறுபக்கத்தில் காரணங்களின் பட்டியல். ஏழாவது: ஒரு வீட்டுக்கு ஒன்று மட்டும். இந்த விலாசத்துக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது.

படிவத்தின் பிரதியை எடுத்துத் தேடினேன். முன்பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பின்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். பின்பக்கத்தை நான் பிரதி எடுக்கவில்லை. வாசிக்கவும் இல்லை.

நான், வாசிக்கவில்லை.

ஒரே விலாசத்தை ஒரே கையால் இரண்டு தரம் எழுதி, அவர்களுடையதை இரண்டு நாள் முந்திப் போட்டவளும் நான். யோகனுக்குச் சொல்லவில்லை. அட்டை மெத்தைக்குக் கீழே.

மார்ச் 21, வெள்ளி

வேலையில் முதல் இடைவேளை பதினைந்து நிமிடம். சாப்பாட்டு அறைக்கு வெளியே இருக்கும் போனில், அட்டையில் இருந்த கொம்பனியின் 1-800 நம்பரை அடித்தேன். பாட்டுப் போகிறது, நடுவில் ஒருத்தி உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்கிறாள். பதினாலாவது நிமிடம் உண்மையான மனிதக் குரல். அதே நேரம் வேலை மணி. வைத்துவிட்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி. நாற்பது நிமிடம். போனைத் தோளில் இடுக்கியபடியே வெங்காயம் உரித்து, பருப்பு அவித்தேன். பிறகு ஓர் ஆண் குரல். ஆங்கிலத்தில் நடந்தது ஏறக்குறைய இப்படி:

நாங்கள் இரண்டு குடும்பம் என்றேன். விலாசம் ஒன்றுதானே என்றான். அவர்கள் மேலே, நாங்கள் கீழே என்றேன். கீழே என்றால் யூனிற் நம்பர் என்ன என்றான். நம்பர் இல்லை. வாடகை ஒப்பந்தம்? இல்லை. கரண்ட் பில்? அது வீட்டுக்காரர் பெயரில்.

"அப்படியென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். கீழே தனிக் குடியிருப்பு, வேறு குடும்பம் என்று. கையொப்பம் வேண்டும்."

ஒரு கடிதம்தானே. நிம்மதியாகப் போனை வைத்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

மேலே போனேன். சிவம் அண்ணை ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சத்தத்தைக் குறைத்தார்.

"எழுத்திலையோ கேக்கிறியள்?"

"ஒரு வரி எழுதினால் காணும் அண்ணை. நாங்கள் கீழை வேறை குடும்பம் எண்டு."

"பேஸ்மென்றை வாடைக்கு விட்டிருக்கிறன் எண்டு நானே எழுதிக் கையொப்பம் வைக்கிறதோ? உதுக்குப் பேர்மிற் இல்லையெண்டு தெரியுமோ உமக்கு?"

தெரியாது. நகரசபை அனுமதி உண்டா என்று இத்தனை நாளும் நான் கேட்டதில்லை.

"ரூஜ் பக்கத்திலை என்ர சிநேகிதன் ஒருத்தன்ர வீட்டுக்குச் சிற்றிக்காரன் வந்து, கீழைக் குசினியைக் கழட்டுவிச்சவன். அதிலை இருந்த சனம் சாமானோடை றோட்டிலை."

அக்கா குசினி வாசலில் நின்று சொன்னார்: "அவள் கொம்பனிக்குத்தானேயப்பா கேக்கிறாள், சிற்றிக்கே?"

"கடதாசி ஒருக்கா வெளியிலை போனால் அது எங்கை போய் நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

பேர்ஸை எடுத்தார். மூன்று இருபது, ஒரு பத்து, ஒரு ஐந்து. மேசையில் வைத்தார்.

"எங்களுக்கு வந்ததிலை பாதி. பிடியும். பிரச்சினை முடிஞ்சுது."

"வேண்டாம் அண்ணை. எனக்கு வரவேண்டியதைத்தான் நான் கேக்கிறன்."

"அப்ப இது என்ன, பிச்சையோ?"

இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். ரீவியின் சத்தம் மறுபடி ஏறியது. இறங்கி வந்துவிட்டேன்.

யோகனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், அஞ்சலட்டையையும் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"அந்தக் காசை வாங்கியிருக்கலாம்."

மார்ச் 27, வியாழன்

வேலையில் சுப்பர்வைசர் ஏச்சு. என் வரிசையில் கோப்பை எண்ணிக்கை குறைந்ததாம். இரண்டு பெட்டி மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து மறுபடி 1-800. இந்த முறை ஒரு பெண். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள், போன முறை சொன்னது எதுவும் அவளிடம் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்களுக்குத் தனி வாசல். தனிக் குசினி, தனிக் குளியலறை, தனி அடுப்பு, தனித் திறப்பு. மூன்றரை வருடமாக வாடகை கட்டுகிறோம். இது இரண்டு வீடு இல்லாவிட்டால் வேறு எது இரண்டு வீடு?

அவள் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது.

"எல்லாவற்றையும் பதிந்துவிட்டேன். யாராவது உங்களோடு தொடர்புகொள்வார்கள்."

நன்றி சொல்லி வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோதுதான் உறைத்தது. யாராவது என்றால் யார்?

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில், ஆனால் காற்று. பனி உருகி முன் புல் எல்லாம் சேறு.

இரண்டரைக்கு வந்தேன். அக்கா முன்கதவில் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"ஒரு வெள்ளைக்காரன் வந்தவன். சிற்றியாம். கையிலை மட்டை வைச்சு எழுதினவன். பேஸ்மென்ற் யன்னலை அளந்தவன். நான் ஓனர் இல்லையெண்டு கதவைச் சாத்திப்போட்டன்."

ஒரு கார்டு விட்டுப் போயிருக்கிறான். மறுபடி வருவானாம், இருபத்திரண்டாம் திகதி.

ஆறு மணிக்குச் சிவம் அண்ணை கீழே இறங்கி வந்தார். உட்காரவில்லை.

"ஆருக்குச் சொன்னனீர்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொம்பனிக்குப் போனிலை சொன்னனான் அண்ணை. வேறை ஒருத்தருக்கும் இல்லை."

"என்ன சொன்னனீர்?"

"தனி வாசல், தனிக் குசினி..."

"காணும்."

யோகன் என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

வியாழன் எங்கள் உடுப்புத் தோய்க்கும் நாள். மெஷின் அறை பூட்டிக் கிடக்கிறது. கேட்கவில்லை. இரண்டு பை உடுப்போடு பஸ் ஏறிக் காசு போட்டுத் தோய்க்கும் கடைக்குப் போனேன். காயும்வரை வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி.

ஏப்ரல் 12, சனி

சிவம் அண்ணை எனக்குச் சொல்லவில்லை. கார் பாதையில் யோகனை மறித்துச் சொன்னாராம்.

"ஜூன் முதலாந் திகதிக்கு வேறை இடம் பாருங்கோ. கோவமில்லை. எனக்கு வீடு வேணும்."

யோகன் சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார், ஒவ்வொன்றாக.

"நூற்றைம்பது டொலருக்கு வீடு போச்சு."

"நான் சிற்றிக்குச் சொல்லேல்லை."

"சொன்னனீரோ இல்லையோ எண்டு உமக்கே தெரியாதெல்லோ."

அதுதான் தாங்க முடியவில்லை. அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. லீவு இல்லை, வேலைக்குப் போனேன். நேற்றே பயத்தம் பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். மேலிருந்து எதுவும் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு இப்படி நடந்ததில்லை.

காலையில் போகும்போது ஒரு தட்டில் பணியாரத்தை வைத்து மூடி, உள்படியின் மேல் நுனியில் வைத்துவிட்டுப் போனேன். பின்னேரம் வந்தபோதும் தட்டு அங்கேயே. மூடி கூடத் திறக்கவில்லை. கீழே கொண்டு வந்து நாங்களே சாப்பிட்டோம். யோகன் நாலு. நான் ஒன்றுக்கு மேல் விழுங்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்றாவது முறை 1-800. காசுக்காக இல்லை. நான் சொன்னதை நகரசபைக்குக் கொடுத்தீர்களா என்று கேட்க.

வயதான பெண் குரல். ஐம்பத்தைந்து, அறுபது இருக்கும். என் கேள்வி அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"ஹனி, இங்கே நாங்கள் முப்பது பேர் ஒரு கூடத்தில் இருக்கிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பதே இல்லை. நகரசபைக்கு யார் சொல்வது? உன் ரொறொன்ரோ எந்தப் பக்கம் என்று கூட எனக்குத் தெரியாது. நான் கடற்கரை ஊரில் இருக்கிறேன்."

என் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொன்னாள்: 'வாடிக்கையாளர் அதிருப்தி.' அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டு அழுதேன். யாரிடம் போய்ச் சொல்ல? மேலே போய், கொம்பனிக்காரி இல்லையென்றாள் என்றால் நம்புவார்களா? நானே முழுதாக நம்பவில்லை.

ஏப்ரல் 19, சனி

வாடகைக்கு வீடு பார்த்தது: இரண்டு. ஒன்றில் யன்னலே இல்லை. மற்றதில் முதல் மாதமும் கடைசி மாதமும் முன்கூட்டி, வேலைக் கடிதம், லேண்டட் பேப்பரின் பிரதி. "பேப்பர் இல்லாட்டி கஷ்டம் தங்கச்சி," என்றார் அந்த வீட்டுக்காரர். எங்கள் ஆள்தான், நல்லூர்ப் பக்கம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸால் இறங்கி வர, முன்படியில் அவன். உயரம், நரைத்த மீசை, நகரசபை ஜக்கெற். கதவு பாதி திறந்திருக்க, அக்கா சங்கிலிக்குப் பின்னால். சிவம் அண்ணை வேலையில். யோகன் வேலையில். அக்காவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. இரண்டு கிழமையாக என்னோடு கதைக்காத அக்கா என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை, போகச் சொல்லவுமில்லை.

அவன் என்னிடம் திரும்பினான். இங்கே வசிக்கிறீர்களா?

ஓம் என்றேன்.

கீழேயா? வாடகைக்கா?

கையில் மட்டை, பேனை. நான் சொல்வதை எழுதப் போகிறான். அரசாங்கக் கடதாசி. எங்கள் லேண்டட் பேப்பர் எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. ஒரு கடதாசியிலும் நான் இதுவரை பொய் எழுதியதில்லை.

"இது என் அக்கா வீடு," என்றேன் ஆங்கிலத்தில். "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்."

எழுதினான். கீழே பார்க்கலாமா என்றான். அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"அக்கா, சங்கிலியை எடுங்கோ. அவர் பாக்கட்டும்."

எடுத்தார். மூவரும் உள்படியால் இறங்கினோம். எங்கள் கட்டில், கொம்பியூட்டர், பிறகு குசினி. அவன் அடுப்பின் முன் நின்றான்.

ஒரே குடும்பம் என்றால் இரண்டு அடுப்பு எதற்கு?

எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அக்கா மரக்கறி. மேல் குசினியில் மீன் காய்ச்ச விடமாட்டார். நாங்கள் மீன் தின்கிறவர்கள். அதனால் மீனெல்லாம் கீழே," என்றேன்.

அக்கா மரக்கறிதான். செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களில் எங்களைவிட நன்றாக நண்டு காய்ச்சுவார்.

அவன் மீசைக்குள் சிரித்தான். தன் அம்மாவுக்கும் பேஸ்மென்றில் ஓர் அடுப்பு இருக்கிறதாம், தக்காளிச் சோஸ் காய்ச்ச. இத்தாலிக்காரர்.

"ஆனால் என் அம்மா கீழே படுப்பதில்லை," என்றான். "கட்டிலும் அடுப்பும் ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு அது தனி வீடு. கட்டில் இருக்கட்டும். அடுப்புப் போக வேண்டும். இரண்டு கிழமையில் வந்து பார்ப்பேன்."

வாசலில் வைத்துக் கேட்டுவிட்டேன். யார் உங்களுக்குச் சொன்னது?

பெயர் சொல்ல முடியாது என்றான். பிறகு முன் புல்லைக் காட்டினான். சிவம் அண்ணையின் பழைய கார், மாரி முழுக்க அதில்தான் நிற்கிறது. பக்கத்து வீடுகளில் யாரோ அதைப் பற்றித்தான் முறைப்பாடு செய்தார்களாம். காரைப் பார்க்க வந்த இடத்தில்தான் கீழ் யன்னலில் திரையைக் கண்டானாம்.

போய்விட்டான். கதவைச் சாத்தினேன். அக்கா படியில் இருந்துவிட்டார்.

"கார் எண்டே சொன்னவன்?"

"ஓம் அக்கா."

"புல்லிலை விடாதையுங்கோ எண்டு நான் எத்தினை நாள் சொன்னனான்."

அவ்வளவுதான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கை என் முழங்காலில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே.

யோகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நானெண்டால் உண்மையைச் சொல்லியிருப்பன். பயத்திலை."

ஏப்ரல் 23, புதன்

சிவம் அண்ணை வந்தார். வழக்கமாகத் திறந்துகொண்டு வருபவர், இன்று உள்கதவைத் தட்டினார். கையில் நாலாக மடித்த கடதாசி.

"தங்கச்சி, நீர் கேட்ட கடிதம்."

அவரே எழுதியிருக்கிறார். பெரிய எழுத்து, சாய்வு. கீழே வேறு குடும்பம் வசிக்கிறது, நேர்மையான ஆட்கள், இவர்களுக்கு உரிய காசைக் கொடுக்கவும். இரண்டு எழுத்துப் பிழை. கையொப்பம், திகதி.

"இது இனி ஏலாது அண்ணை. நேற்றுத்தான் ஒரே குடும்பம் எண்டு சொல்லியிருக்கிறன். எழுத்திலை வேண்டாம்."

நான் சொன்னதா அது!

அவர் கடதாசியைத் திருப்பி வாங்கவில்லை. நின்றார். "கார் என்ர பிழை," என்றார் சுவரைப் பார்த்தபடி. ஜூன் முதலாம் திகதி பற்றி ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார். யோகன் கேட்கச் சொல்கிறார். நான் கேட்கவில்லை.

கடிதத்தைக் குசினியில் சட்டி கழுவும் தொட்டிக்குள் வைத்து எரித்தேன். புகைக்கு அலாரம் கத்தியது.

ஏப்ரல் 29, செவ்வாய்

வகுப்புக் காசு கட்டினேன். இரண்டு சனிக்கிழமை ஓவர்ரைம், மிச்சம் யோகன். 'இந்தாரும்' என்று மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். கட்டியதற்கு ரசீது தந்தார்கள். பின்பக்கத்தையும் வாசித்தேன்.

மே 3, சனி

காலை மழை, பிறகு வெளித்துவிட்டது. கீழ் அடுப்பை மேலே ஏற்றிய நாள்.

புல்லில் கார் இல்லை. விற்றாயிற்றாம்.

உள்படியால்தான் அடுப்பை ஏற்ற வேண்டும், வெளிவாசல் ஒடுக்கம். மேலே சிவம் அண்ணை, கீழே யோகன். கார் பாதையில் கதைத்த பிறகு இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அடுப்புத் தூக்கினால் பேசாமல் முடியாது.

"பிடி."

"பிடிச்சிருக்கிறன்."

"உயத்து. உன்ர பக்கம். உன்ர பக்கமடாப்பா!"

"விரல் அண்ணை, விரல்!"

வளைவில் இறுகிவிட்டது. கால் மணி நேரம் மேலும் இல்லை, கீழும் இல்லை. நான் கீழே, அக்கா மேலே, நடுவில் அடுப்பு. கைப்பிடியைக் கழற்றித்தான் எடுத்தார்கள். இப்போது கராஜில் போர்வை போட்டு மூடிக் கிடக்கிறது.

மேல் குசினியில் அக்கா எனக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கினார். என் அரிசி, என் தூள், என் சட்டிகள் நாலு. அவருடைய மிளகாய்த் தூள் டப்பாவும் என்னுடையதும் ஒரே மாதிரி. பெயர் எழுதி ஒட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பின்னேரம் இருவரும் ஒரே நேரத்தில் சமைக்கப் போய் முழங்கை இடிபட்டது. அவர் பருப்பு. நானும் பருப்பு. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. என் சட்டியை இறக்கிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கினேன்.

நாலு பேரும் ஒரே மேசையில். யோகனின் விரலில் துணிக்கட்டு. சிவம் அண்ணை கறியை எடுத்துவிட்டு, இது ஆரின்ர கத்தரிக்காய் என்று கேட்டார். சாந்தியின்ர என்றார் அக்கா. அவர் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். ஜூன் பற்றி யாரும் கதைக்கவில்லை.

கழுவும்போது அக்காவிடம் கேட்டேன். "நாளைக்கு ஆர் முதல் அக்கா? அடுப்பு."

"ஆர் முதல் எழும்புகினமோ அவை."

ஞாயிறும் ஓவர்ரைம் எனக்கு, ஆறு மணிக்கு. அலாரம் நாலரைக்கு வைத்திருக்கிறேன்.